வீட்டு எட்டுக்காலி, தோட்டத்துச் சிலந்தி: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. ரப்பர், வாழை, தென்னை, நெல், பூ எல்லாம் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. பூச்சிகள் இவ்வளவு இருக்கும் இடத்தில், எட்டுக்காலி என்று நாம் சொல்லும் சிலந்தி இல்லாமல் இருக்காது. அக்கம்பக்கத்திலும் உறவினர் வீடுகளிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். சிலந்தி எனக்கு மிகவும் பிடித்த உயிர். அதற்காக, பயப்படுபவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்காலி உட்கார்ந்திருக்கிறது. கடிக்குமா?

அது வேட்டைச் சிலந்தி. அறிவியல் பெயர் ஹெட்டெரோபோடா வெனடோரியா. வலை பின்னாது. பகல் முழுக்க அலமாரிக்குப் பின்னாலோ ஓட்டு இடுக்கிலோ இருந்துவிட்டு, இரவில் கரப்பான் பூச்சி பிடிக்க வெளியே வரும். உடல் தட்டையாக இருப்பதால் நாம் நினைத்துப் பார்க்காத இடுக்கில்கூட நுழைந்துவிடும். கால் நுனிகளில் அடர்த்தியான நுண்மயிர் இருப்பதால் வழவழப்பான டைல்ஸிலும் ஏறும்.

இந்தச் சிலந்தியைக் கண்டு நாம் பயப்படுவதே அது ஓடுவதால்தான். லைட்டைப் போட்டதும் அது ஓடுகிறது, அது ஓடுவதைப் பார்த்து நாமும் ஓடுகிறோம். கையால் அழுத்திப் பிடித்தாலோ, துணிக்குள் சிக்கினாலோ கடிக்கலாம். வலிக்கும், கொஞ்சம் வீங்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். நம்மைத் தேடி வந்து கடிப்பதில்லை.

உலகில் பல நாடுகளில் இதற்கு வாழைச் சிலந்தி என்று பெயர். வாழைத்தார்களோடு கப்பலேறி வெப்ப நாடுகள் எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. ஏத்தங்குலையோ மட்டிக்குலையோ வீட்டுக்கு வந்தால் திண்ணையில் வைத்து ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே கொண்டுவருவது நல்லது.

அதுவே வயிற்றுக்கடியில் வட்டமாக, வெள்ளையாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைகிறதே?

முட்டைப்பை. ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். குஞ்சு வெளிவரும்வரை தாய் அதைக் கீழே வைக்காது. இந்த நேரத்தில் துடைப்பத்தால் அடித்தால் பை கிழிந்து குஞ்சுகள் அறை முழுக்கச் சிதறலாம். அதைவிட டப்பாவில் பிடித்து வாழைத்தோட்டத்தில் விட்டுவிடுங்கள். அங்கே நீங்கள் எதுவும் செய்யாமலே பல்லியும் குருவியும் எண்ணிக்கையைக் குறைத்துவிடும்.

மச்சு மூலையில் மெல்லிய நீண்ட காலோடு தொங்குவது என்ன? தொட்டால் கிடுகிடுவென்று ஆடுகிறது.

நெட்டைக்கால் சிலந்தி. தொட்டதும் உடலை வேகமாக ஆட்டுவது எதிரியின் கண்ணுக்குப் பிடிபடாமல் இருக்க. பெண் தன் முட்டைகளை ஒரு சின்னப் பொட்டலமாகக் கட்டி வாயிலேயே கவ்விக்கொண்டு தொங்கும். நம்மை ஒன்றும் செய்யாது. கொசு சாப்பிடும். இந்த வகையில் ஒன்று டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைத் தின்பதைத் தாய்லாந்தில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்காகச் சிலந்தி இருக்கிறதே என்று தண்ணீர்த் தொட்டியை மூடாமல் விடக் கூடாது, அது வேறு வேலை.

ஜன்னலில் ஒரு குட்டி எட்டுக்காலி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. நிஜமாகவே பார்க்கிறதா?

நிஜமாகவே பார்க்கிறது. தாவும் சிலந்தி அது. எட்டுக் கண்களில் முன்னால் உள்ள இரண்டு பெரியவை, மிகக் கூர்மையானவை. பக்கவாட்டுக் கண்கள் அசைவை மட்டும் கவனிக்கும். அசைவு தெரிந்ததும் உடலையே திருப்பிப் பெரிய கண்களால் உற்றுப் பார்க்கும். விரலை மெல்ல இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள், அதுவும் திரும்பும்.

தாவுவதற்கு முன் ஒரு நூலைச் சுவரில் ஒட்டிவிட்டே தாவும். தவறினால் அந்த நூலில் தொங்கி ஏறிவரும். கால்களை நீட்டுவதற்குச் சிலந்திக்குத் தசை போதாது. உடல் திரவத்தை அழுத்தித் தள்ளித்தான் காலை நீட்டுகிறது. செத்த சிலந்தியின் கால்கள் உள்பக்கம் சுருண்டு கிடப்பதும் இதனால்தான், அழுத்தம் போய்விட்டது.

சிலந்தியைப் பிடிக்காதவர்கள் பழகத் தொடங்க இதைவிட நல்ல சிலந்தி இல்லை என்பது என் கருத்து.

தூங்கி எழுந்தால் தோலில் கொப்புளம். எட்டுக்காலி மூத்திரம் பட்டது என்கிறார்கள். உண்மையா?

நம் ஊரில் சிலந்தியின் மேல் சுமத்தப்படும் மிகப் பெரிய பழி இதுதான். சிலந்தி நம்மைப் போல் சிறுநீர் கழிப்பதில்லை. அதன் கழிவு சுண்ணாம்புத் துளி மாதிரிதான் விழும், தோலைப் பொசுக்காது. அப்படியானால் கொப்புளம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

முதலாவது, பேடரஸ் என்னும் சிறு வண்டு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. எறும்பு போல மெலிந்த உடல், கருப்பும் ஆரஞ்சும் மாறி மாறிப் பட்டை. வயல் ஓரங்களில் நிறைய இருக்கும், மழைக்காலத்தில் ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வரும். அது கடிப்பதோ கொட்டுவதோ இல்லை. கழுத்தில் ஊர்வதைத் தூக்கத்தில் நசுக்கித் தேய்த்துவிடுகிறோம். அதன் உடலில் உள்ள பெடரின் என்ற பொருள் தோலில் பட்டு, ஒரு நாள் கழித்துக் கோடு போட்டதுபோல் சிவந்து எரிந்து கொப்புளிக்கிறது. முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரு பக்கமும் ஒரே மாதிரி புண் வரும். வலி ஒரு நாள் கழித்து வருவதால்தான் வண்டு தப்பிவிடுகிறது. காலையில் கண் விழித்ததும் சுவரில் தெரிகிற சிலந்தி மாட்டிக்கொள்கிறது.

செய்ய வேண்டியது: உடம்பில் வண்டு ஊர்ந்தால் அடிக்காமல் ஊதிவிடுங்கள். பட்ட இடத்தை உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். இந்த வண்டையும் கொன்று தீர்க்க வேண்டியதில்லை, நெல்வயலில் அது பூச்சிகளைத் தின்று நன்மை செய்கிறது.

இரண்டாவது, அக்கி. சின்னம்மை வந்து போன உடலில் அந்த வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப எழுவதுதான் அக்கி. உடலின் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக, எரிச்சலோடும் குத்தலோடும் கொப்புளம் வரும். இதையும் சிலந்தி விஷம் என்று சொல்லிக் காவி பூசி எழுதிவிட்டு இருந்துவிடுகிறார்கள். காவி பூசுவது மனதுக்கு ஆறுதல் தந்தால் தரட்டும். ஆனால் அக்கிக்கு மாத்திரை உண்டு. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். நெற்றியிலோ கண்ணருகிலோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள், பார்வையைப் பாதிக்கலாம். வயதானவர்களுக்கு அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்புவலி நீடிக்கலாம். எட்டுக்காலியை அடித்துக் கொன்றதோடு வைத்தியம் முடிந்தது என்று நினைத்து அந்த மூன்று நாளை இழந்தவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அப்படியென்றால் பயப்பட வேண்டிய சிலந்தியே கிடையாதா?

உண்டு, ஆனால் மிகக் குறைவு. உலகில் 50,000-க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் விஷம் இருக்கிறது, ஆனால் அது பூச்சியைச் சாய்க்கும் அளவு விஷம்.

மலையோரத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது பொசிலோதேரியா என்னும் மரப்பொந்து டரன்டுலா. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்கிறது. உரோமம் அடர்ந்த பெரிய உடல், கால்களில் அழகான கோலம், முன்கால்களின் அடியில் மஞ்சள். பழைய மரங்களின் பொந்தில் இருக்கும், சில நேரம் காட்டை ஒட்டிய கட்டடங்களுக்குள்ளும் வரும். இது கடித்தால் கடும் வலியும், சில நாள்வரை தசைப்பிடிப்பும் வரும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை, மாறாமலைப் பக்கம் பழைய மரப்பொந்துக்குள் கையை நுழைக்காமல் இருந்தால் போதும். அதைப் பிடித்து விற்க யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். வளர்ப்புச் சந்தைக்காகப் பிடிக்கப்பட்டு அருகி வருவதால், 2019இல் இந்தப் பேரினம் முழுவதையும், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள்.

விதவைச் சிலந்திகளும் இந்தியாவில் உண்டு. பளபளப்பான உருண்டை வயிறு, அடிப்பக்கத்தில் சிவப்போ ஆரஞ்சோ குறி. விறகுக் குவியல், கல் இடுக்கு, நெடுநாள் அசைக்காத சாமான்கள் இவற்றின் அடியில் ஒழுங்கில்லாத வலை கட்டும். விறகெடுக்கும்போது கையுறை போடுவது தேளுக்கும் பூரானுக்கும் சேர்த்தே நல்லது.

கடித்துவிட்டால் என்ன செய்வது?

சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், சுண்ணாம்பு தடவாதீர்கள். தசைப்பிடிப்பு, அதிக வியர்வை, வாந்தி, மூச்சுத்திணறல், முகவீக்கம் இதில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள், அல்லது ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். சின்னப் பிள்ளையாக இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். இருட்டில் எது கடித்தது என்று தெரியாவிட்டால் பாம்பாகவும் இருக்கலாம் என்று எண்ணியே உடனே கிளம்புங்கள்.

செடிகளுக்கு நடுவில் பெருக்கல் குறி போட்ட வலை இருக்கிறதே?

கையெழுத்துச் சிலந்தி. தலைகீழாக, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அந்தக் குறியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வெள்ளை நூலால் வளைத்து வளைத்து எழுதிய அந்தக் குறி எதற்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. புற ஊதா ஒளியைத் திருப்பிப் பூச்சியைக் கவர்வதற்கு என்கிறார்கள் சிலர். பறவை மோதி வலை கிழியாமல் இருக்க என்கிறார்கள் வேறு சிலர். பக்கத்தில் சின்னதாக ஒன்று தயங்கித் தயங்கி நின்றால் அது ஆண்.

செடிக்குத் தண்ணீர் விடும்போது வலையை விட்டு விலகி ஊற்றுங்கள், அவ்வளவுதான்.

விடியற்காலை ரப்பர் பால்வெட்டப் போகும்போது முகத்தில் பெரிய வலை மோதுகிறது. மஞ்சளாக மின்னுகிறது. ஆபத்தா?

அது பெருங்காட்டுச் சிலந்தி, நெஃபிலா பைலிப்ஸ். மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் ரப்பர் தோட்டங்களில் மரத்துக்கு மரம் கட்டியிருக்கும். பெண்ணின் கால் விரிவு ஒரு சாண் அளவுக்கு வரும். ஆண் அரை சென்டிமீட்டர்தான், வலையின் ஓரத்தில் இருப்பது ஆண் என்றே பலருக்குத் தெரியாது. பட்டு நூலே பொன்னிறம். மடகாஸ்கரில் இதன் உறவுச் சிலந்திகளின் நூலால் நெய்த ஒரு மேலாடையை 2012இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 12 லட்சம் சிலந்திகளிடமிருந்து நூல் எடுத்தார்களாம்.

நம்மைத் துரத்தாது. ஆனால் இருட்டில், கையில் கத்தியோடு, திடீரென்று முகத்தில் வலை ஒட்டினால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஒரு குச்சியை முகத்துக்கு முன்னால் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடப்பது நல்ல பழக்கம். வலை எந்த வரிசையில் இருக்கிறது என்று பகலில் பார்த்து வைத்துக்கொண்டாலும் உதவும், ஒரே இடத்தில் பல நாள் இருக்கும் சிலந்தி இது. சிரட்டையைக் கையில் எடுக்கும் முன் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

தோவாளையிலிருந்து வாங்கிவந்த பூவுக்குள் வெள்ளைச் சிலந்தி இருந்தது. தலையில் வைத்துவிட்டேனே!

நண்டுச் சிலந்தியாக இருக்கும். பூவின் நிறத்திலேயே பதுங்கி, தேன் குடிக்க வரும் பூச்சியைப் பிடிக்கும். நண்டு போலப் பக்கவாட்டில் நடக்கும். உங்களை ஒன்றும் செய்திருக்காது. அடுத்த முறை தொடுக்கும் முன் பூவை முறத்தில் கொட்டி ஒரு முறை உதறுங்கள்.

நெல்வயலில் சிலந்தி நிறைய இருக்கிறது. மருந்து அடிக்கட்டுமா?

தயவு செய்து அடிக்காதீர்கள். கன்னிப்பூப் பருவமானாலும் கும்பப்பூப் பருவமானாலும், பயிரின் தூரில் ஓடும் ஓநாய்ச் சிலந்திதான், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு முதல் எதிரி. அது தண்ணீரின் மேலேயே ஓடும். புகையானும் தூரில்தான் இருக்கும், அதனால் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை அடித்தால் சிலந்தி முதலில் சாகும், புகையான் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும். இது வேளாண் துறையினரே சொல்லும் எச்சரிக்கை. சிலந்திகள் உலகம் முழுக்க ஓராண்டில் 40 முதல் 80 கோடி டன் வரை இரை பிடிக்கின்றன என்று 2017இல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. அதில் பெரும் பங்கு பூச்சிகள்தான்.

வீட்டில் நூலாம்படை இருந்தால் தரித்திரம் என்கிறார்களே? ஒட்டடை அடிக்கலாமா?

தாராளமாக அடிக்கலாம். தூசி படிந்து கருத்துத் தொங்குவது பெரும்பாலும் சிலந்தி விட்டுப் போன பழைய வலை. அதை எடுப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. சிலந்தி உட்கார்ந்திருக்கும் வலையாக இருந்தால், அது ஓடி ஒதுங்க ஒரு நொடி கொடுத்துவிட்டு அடியுங்கள்.

தரித்திரம் என்பதை நான் ஏற்கவில்லை. திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் சிலந்தி வலைப்பந்தல் கட்டியது, அதை அழுக்கென்று யானை அழித்தது, சிலந்தி மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்றுதானே நம் கதை போகிறது. ஒட்டடைக் கம்பை எடுக்கும் அதே கைகள்தான் அந்தக் கதையையும் சொல்லித் தந்தன.

இன்னொன்று. சுவரில் குளவி மண்கூடு கட்டினால் வீட்டில் குழந்தை வரப்போகிறது என்று கலைக்காமல் விடுவோம். காலியான பிறகு அந்தக் கூட்டை உடைத்துப் பாருங்கள், சில அறைகளில் சிலந்திகளின் மிச்சம் கிடக்கும். குளவி தன் குஞ்சுக்காகச் சிலந்திகளைக் கொட்டி மயக்கி உயிரோடு அடைத்து வைக்கிறது. சிலந்தி கிடைக்காவிட்டால் இந்தக் குளவியின் குஞ்சுக்குச் சாப்பாடு இல்லை.

மருந்து அடிக்காமல் வீட்டுக்குள் வருவதைக் குறைக்க முடியுமா?

முடியும். ஸ்பிரே அடித்தாலும், நேரடியாக மேலே பட்டால்தான் சிலந்தி சாகும். அது கால் நுனியில் நடப்பதால் தரையில் காய்ந்த மருந்து அவ்வளவாக ஒட்டுவதில்லை. இரையைக் குறைப்பதுதான் வழி. வாசல் விளக்கை மஞ்சள் ஒளி எல்இடியாக மாற்றுங்கள், பூச்சி குறையும். ஜன்னலுக்கு வலை போடுங்கள். கதவின் அடி இடுக்கை அடையுங்கள். விறகையும் தேங்காய் மட்டையையும் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். நெடுநாள் போடாத ஷூ, ஹெல்மெட், கொடியில் கிடந்த துணி இவற்றை உதறிவிட்டுப் போடுங்கள்.

கொல்ல மனமில்லை. எப்படி வெளியே விடுவது?

அகலமான டப்பாவை மேலே கவிழ்த்து, கெட்டியான அட்டையை அடியில் மெல்லச் சொருகுங்கள். கால் மாட்டாமல் பாருங்கள். வேட்டைச் சிலந்திக்குச் சின்ன டம்ளர் போதாது, ஐஸ்கிரீம் டப்பா எடுங்கள்.

அடிபட்ட இடத்தில் சிலந்தி வலையை வைத்தால் ரத்தம் நிற்குமாமே?

முன்பு செய்தார்கள். வலையில் வீட்டுத் தூசி முழுதும் இருக்கிறது, காயத்தில் அதை வைப்பது சீழுக்கும் ரணஜன்னிக்கும் வழி. சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

எனக்கு இதெல்லாம் புரிகிறது. ஆனால் பார்த்தாலே கை நடுங்குகிறது, அந்த அறைக்கே போக முடியவில்லை.

இது புத்திக்குறைவு இல்லை. ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பூவின் படத்தையும் சிலந்தியின் படத்தையும் காட்டி 2017இல் ஓர் ஆய்வு செய்தார்கள். சிலந்தியைப் பார்த்தபோது குழந்தைகளின் கண்மணி அதிகம் விரிந்தது. யாரும் சொல்லித்தராமலே உடல் ஏதோ எச்சரிக்கையோடு பிறக்கிறது போலிருக்கிறது. அதன் மேல், வீட்டில் பெரியவர்கள் அலறுவதைப் பார்த்துப் பிள்ளை மிச்சத்தைக் கற்றுக்கொள்கிறது.

நல்ல செய்தி, மனநல மருத்துவத்தில் மிகச் சுலபமாகக் குறையும் பயங்களில் இதுவும் ஒன்று. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1989இல் எழுதிய முறையில், மூன்று மணி நேரம்வரை நீளும் ஒரே அமர்விலேயே பலருக்குப் பெரிய மாற்றம் வந்தது. அடிப்படை எளிது: படிப்படியாக, உங்கள் சம்மதத்தோடு, பயம் தணியும்வரை விலகாமல் இருப்பது. வீட்டில் இதைத் தொடங்கலாம். முதலில் ஒரு கோட்டுப்படம். அப்புறம் புகைப்படம். அப்புறம் மூடிய கண்ணாடிப் பாட்டிலுக்குள் ஒரு தாவும் சிலந்தி, அறையின் மறுகோடியில். ஒவ்வொரு படியிலும் நெஞ்சுப் படபடப்பு இறங்கியதும்தான் அடுத்தது. அவசரமே வேண்டாம். தூக்கம், வேலை, வீட்டை விட்டு வெளியே போவது இவையெல்லாம் பாதிக்கும் அளவு பயம் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயப்படுபவர் மேல் செத்த சிலந்தியைப் போட்டு விளையாடாதீர்கள். அந்த ஒரு நிமிடச் சிரிப்பால் அவருடைய பயம் ஆயுசுக்கும் உறைந்துபோகலாம்.

பிள்ளைக்குச் சிலந்தி மேல் ஒரே ஆசை. எப்படிக் காட்டுவது?

இரவில் டார்ச்சை நெற்றியருகே பிடித்துப் புல்தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சையாக மின்னும் புள்ளிகளில் பல, ஓநாய்ச் சிலந்தியின் கண்கள். செருப்புக்குப் பதில் ஷூ போடச் சொல்லுங்கள், பாம்பும் அதே புல்லில்தான் இருக்கும். பகலில் மாமரத்தில் முசுறு எறும்புகளுக்கு நடுவே தேடுங்கள். அதே சிவப்பு நிறம், அதே ஒல்லி உடல், ஆனால் எட்டுக் கால் இருந்தால் அது எறும்பு வேஷம் போட்ட தாவும் சிலந்தி. தென்னை, மாமரப் பட்டையில் பட்டையின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும் இரட்டைவால் சிலந்தியைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம், பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

பிடித்து வளர்க்க வேண்டாம். போட்டோ எடுக்கட்டும். மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராகக் கண் வரிசை தெரிய ஒன்று, வலை இருந்தால் வலையோடு ஒன்று. பக்கத்தில் ஒரு நாணயம் வைத்தால் அளவு தெரியும். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடமும் தேதியும் சேர்த்துப் போட்டால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். கண்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் குடும்பத்தைப் பிரிக்கிறார்கள், அதனால் முகப் படத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம்.